அத்தியாயம் 7: எழுபத்தைந்தானால் ஒதுங்க வேண்டுமா? சொல்லாத எடுகோளைப் பிடிக்கும் வழி

தேர்தல் நெருங்கினால் டீக்கடை பெஞ்சிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரு வாதம் தவறாமல் வரும். “அரசு ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு. எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் ஏன் இல்லை?” கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர், “கலைஞர் கருணாநிதி 91 வயதில் ஜெயிக்கவில்லையா?” என்பார். அதற்கும் அதே ஆட்கள் தலையாட்டுவார்கள். இரண்டு வாதத்திலும் பாதி வாயில் வருகிறது, மீதி வராமலே நிற்கிறது. வராத அந்தப் பாதியை வெளியே இழுத்துப் பார்க்கத்தான் இந்த அத்தியாயம்.

காரணத்திலிருந்து முடிவுக்குப் போகும்போது, உண்மை என்று எடுத்துக்கொண்டு சொல்லாமல் விடும் கூற்றுக்கு இங்கே ‘சொல்லாத எடுகோள்’ என்று பெயர். யாரோ தந்திரமாக மறைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சொல்பவருக்கே அது தெரியாது. தத்துவம் இவ்வளவு போதும், வேலைக்குப் போவோம்.

தேவையானவை

ஒரு தாள், ஒரு பேனா, வாதம் சொல்லப்பட்ட அதே வார்த்தைகள். நினைவிலிருந்து எழுதாதீர்கள். நினைவில் எழுதும்போது நம்முடைய எரிச்சலும் கூடவே தாளில் ஏறிவிடும். பிறகு நாம் எழுதிய வாதத்தையே நாம் தோற்கடித்துக்கொண்டிருப்போம்.

ஆறு படிகள்

மேலே சொன்ன ஓய்வு வயது வாதத்தையே எடுத்துக்கொள்வோம்.

1. முடிவைத் தாளின் அடியில் எழுதுங்கள். கேள்வியாக வந்தால் வாக்கியமாக மாற்றுங்கள். “எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் ஏன் இல்லை?” என்பது கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு தீர்ப்பு: “60 வயதுக்கு மேல் ஒருவர் எம்.எல்.ஏ.வாக இருக்கக் கூடாது.” கேள்வியாகவே விட்டால் பிடி கிடைக்காது.

2. சொன்ன காரணங்களை மட்டும் மேலே எண்ணிட்டு எழுதுங்கள். இங்கே ஒன்றுதான்: “அரசு ஊழியர்கள் 60 வயதில் ஓய்வு பெறுகிறார்கள்.” நீங்களாக ஊகித்ததை இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள்.

3. முடிவில் புதிதாக முளைத்திருக்கும் சொல்லைத் தேடுங்கள். மேலே இல்லாமல் கீழே திடீரென்று வருவது எது? ‘எம்.எல்.ஏ.’ மேலே ஊழியர், கீழே மக்கள் பிரதிநிதி. இன்னொன்றும் இருக்கிறது. மேலே ‘பெறுகிறார்கள்’, கீழே ‘கூடாது’. நடப்பதைச் சொல்லி ஆரம்பித்து, நடக்க வேண்டியதைச் சொல்லி முடித்திருக்கிறார். இந்த இரண்டு இடத்திலும் பள்ளம் இருக்கிறது.

4. பள்ளத்தை நிரப்பும் வாக்கியத்தை எழுதுங்கள். முடிந்தவரை சிறியதாக எழுதுங்கள். “எல்லாக் கிழவர்களும் பயனற்றவர்கள்” என்று எழுதினால் அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுகிறீர்கள். வாதம் நிற்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும்:

(அ) அரசு ஊழியருக்கு ஓய்வு வயது வைத்திருக்கும் காரணம், அந்த வயதுக்கு மேல் திறமை குறைந்துவிடும் என்பதே.

(ஆ) எம்.எல்.ஏ. பதவியும் அரசு வேலையும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான்.

5. எழுதியதை மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் வாதம் சரிந்தால் அது உண்மையான எடுகோள். சரியாமல் நின்றால் நீங்கள் தேவையில்லாததைப் பிடித்திருக்கிறீர்கள், அடித்துவிடுங்கள்.

இந்தப் படியில் நிதானமாக இருங்கள், மொத்தப் பலனும் இங்கேதான். (அ)வை மறுப்போம்: “ஓய்வு வயதுக்குக் காரணம் திறமைக் குறைவு மட்டும் அல்ல.” அப்படியானால் வாதம் ஆடுகிறது. அந்த மறுப்பு உண்மையா என்று பார்க்கத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. மாநில அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது; அடுத்த ஆண்டே 60 ஆனது. ஓராண்டுக்குள் ஊழியர்களின் உடம்பும் மூளையும் இரண்டு வயது இளமையாகிவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஓய்வு பெறுவோருக்கு ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டிய பணம், வேலைக்குக் காத்திருப்பவர்கள் என்று வேறு கணக்குகளும் அந்த எண்ணில் கலந்திருக்கின்றன. நீதிபதிகளையும் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் 62, உச்ச நீதிமன்றத்தில் 65. சட்டம் படித்த அதே மூளைக்கு டெல்லி போனால் மூன்று ஆண்டு கூடுதல் ஆயுள் கிடைக்கிறதா என்ன?

(ஆ)வை மறுத்தாலும் சரிகிறது. ஊழியரை ஒருமுறை நியமித்துவிட்டால் அவரை வெளியே அனுப்ப வயதுதான் எளிய வழி. எம்.எல்.ஏ.வை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்காளர் வெளியே அனுப்பலாம். கனடாவில் செனட் உறுப்பினர்கள் 75 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். அவர்கள் தேர்தலில் நின்று வந்தவர்கள் அல்லர், நியமிக்கப்பட்டவர்கள். அதே நாட்டில் தேர்தலில் ஜெயித்து வரும் மக்களவை உறுப்பினர்களுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை.

6. எதை எங்கே சரிபார்ப்பது என்று ஓரத்தில் குறியுங்கள். வேட்பாளரின் வயது வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். *குறிப்பு:* ஒரே ஆளின் இரண்டு தேர்தல் பத்திரங்களை ஒப்பிடுங்கள். இடையே ஐந்தாண்டு ஓடியிருக்க, வயது மட்டும் வேறு வேகத்தில் ஓடியிருப்பதும் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். எடுகோள் விழுந்ததால் முடிவும் பொய் என்று ஆகாது. எம்.எல்.ஏ.வுக்கு வயது வரம்பு வேண்டும் என்பதற்கு வேறு நல்ல காரணம் இருக்கலாம். இந்தக் காரணம் அதைத் தாங்கவில்லை, அவ்வளவே.

பெரிய எடுகோள்: வயதானவர்தான் வயதானவர்களின் குரல்

முதியோர் பிரதிநிதித்துவம் பற்றிய வாதங்களில் எந்தப் பக்கம் பேசினாலும் இது உள்ளே உட்கார்ந்திருக்கும். “சபை முழுக்கக் கிழவர்கள், முதியோருக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கிறது” என்பவரும் இதை எடுத்துக்கொள்கிறார். “முதியோருக்குத் தனி இடம் ஒதுக்கினால்தான் அவர்கள் குறை தீரும்” என்பவரும் இதையே எடுத்துக்கொள்கிறார். சண்டை போடும் இருவரும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்கலாம். முதல் மக்களவை உறுப்பினர்களின் சராசரி வயது சுமார் 46. 2024-ல் தேர்வான 18-வது மக்களவையில் அது சுமார் 56. இனி பென்ஷனைப் பாருங்கள். இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 2007-ல் அந்தப் பெயரில் வந்தபோது மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2011-ல் தகுதி வயது 65-லிருந்து 60 ஆனது, 80 தாண்டியவர்களுக்கு 500 ரூபாய் ஆனது. 80-க்குக் கீழே உள்ளவர்களுக்கு 2022-லும் அதே 200 ரூபாய்தான். மீதியை மாநிலங்கள் போட்டுக்கொண்டன. தமிழ்நாடு தன் பங்கையும் சேர்த்து 2023-ல் மொத்தத்தை 1,200 ரூபாய் ஆக்கியது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அப்போதும் சபையில் நரைத்த தலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எம்.பி.க்கு இலவச ரயில் பாஸ் உண்டு. 70 வயது எம்.பி.யும் 70 வயது ஓய்வூதியக்காரரும் ஒரே வயது. டிக்கெட் கவுன்ட்டர் வரிசையில் நிற்பவர் இரண்டாமவர் மட்டும்.

இந்தத் தகவல்களை அடுக்கிவிட்டு, “ஆகவே முதிய எம்.பி.க்களால் முதியோருக்குப் பயனில்லை” என்று முடித்தால் நாமே ஒரு எடுகோளை விழுங்கிவிட்டோம். அவர்கள் இல்லாவிட்டாலும் நிலைமை இப்படியேதான் இருந்திருக்கும் என்பது அது. அவர்கள் இல்லாவிட்டால் அந்த 500 ரூபாய்கூட வந்திருக்காது என்று ஒருவர் சொன்னால் நம் கையில் பதில் இல்லை. படி 5-ஐ நம் பக்கத்து வாதத்துக்கும் போடுங்கள். இதைச் செய்யாதவரின் எடுகோள் வேட்டை வெறும் சண்டைக்கலை.

எடுகோள் ஒளிந்திருக்கும் மற்ற இடங்கள்

*முதியோர் எல்லாரும் ஒரே கூட்டம்.* 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 தாண்டியவர்கள் இந்தியாவில் சுமார் 10.4 கோடி. அவர்களில் பெண்கள் ஆண்களைவிட அதிகம். பத்தில் ஏழு பேர் கிராமத்தில். “முதியோர் இதைத்தான் விரும்புகிறார்கள்” என்று ஒருவர் சொன்னால், அவர் மனதில் இருப்பது யார் என்று கேளுங்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியா, நூறு நாள் வேலைக்குப் போகும் விதவைப் பாட்டியா? இஸ்ரேலில் 2006 தேர்தலில் ஓய்வூதியக்காரர்களுக்கான கில் கட்சி 120-ல் 7 இடம் பிடித்தது. மற்ற கட்சிகள் மேல் வெறுத்துப்போன இளைஞர்கள் பலரும் அதற்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். 2009-ல் ஓர் இடமும் இல்லை. முதியோர் ஒரே கூட்டம், ஒரே ஓட்டு என்றால் மூன்று ஆண்டில் அந்தக் கூட்டம் எங்கே போயிற்று?

*விகிதம் இருந்தால் நியாயம்.* “2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் முதியவர், ஆகவே 234-ல் 23 இடம்” என்பது கணக்கு. ஒவ்வொரு வயதுக்கும் அதன் பங்கு கிடைக்க வேண்டும் என்பது சொல்லாத எடுகோள். அதை நேர்மையாகப் பிடித்தால் 20-களில் இருப்பவர்களுக்கும் பங்கு கேட்க வேண்டும். அப்போது முதலில் இடம் இழக்கப் போவது 60 தாண்டியவர்களாகக்கூட இருக்கலாம். எண்ணிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

*வயதும் பதவிக்காலமும் ஒன்று.* “அவர் நாற்காலியை விட மாட்டேன் என்கிறார்” என்னும் கோபம் வயதின் மேல் விழுகிறது. 45 வயதில் வந்து கால் நூற்றாண்டு உட்கார்ந்திருப்பவர் வேறு, 70 வயதில் முதல்முறை ஜெயித்து வந்த பள்ளி ஆசிரியை வேறு. வயது வரம்பு இருவரையும் அடிக்கும்; பதவிக்கால வரம்பு முதலாமவரை மட்டும் அடிக்கும். எதன் மேல் கோபம் என்று கேளுங்கள்.

*பெரியவர் போனால் இளைஞர் வருவார்.* காலியான தொகுதிக்கு யார் வருகிறார் என்று உங்கள் மாவட்டத்திலேயே பாருங்கள். பெரியவரின் மகன் வந்தால் வயது குறைந்தது உண்மை. வழி திறந்ததா என்பது தனிக் கேள்வி.

*ஓட்டுப் பெட்டி வீட்டுக்கு வந்தால் பிரதிநிதித்துவம் வந்துவிட்டது.* 80 தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போட 2019-ல் விதி வந்தது. தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் பலர் அப்படிப் போட்டார்கள். 2024-ல் அந்த வயது 85 ஆக உயர்ந்தது. நல்ல வசதிதான். அதை வைத்து “முதியோரின் குரல் சபையில் உறுதியாகிவிட்டது” என்பவர், ஓட்டுப் போடுவதும் பேசப்படுவதும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார். வீட்டில் மகனும் மருமகளும் சூழ நிற்கும்போதும் பாட்டி தன் விருப்பப்படிதான் ஓட்டுப் போடுவார் என்பதும் அதில் அடக்கம்.

*கீழ்வரம்பு இருந்தால் மேல்வரம்பும் சரி.* இது கொஞ்சம் கெட்டிக்கார வாதம், அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நிற்க 25 வயது, மாநிலங்களவைக்கு 30, ஊராட்சிக்கு 21. ஓட்டுரிமை 18 வயதில் வந்துவிடுகிறது. ஆக, ஓட்டுப் போடத் தகுதியுள்ளவரை வயது காட்டித் தேர்தலில் நிற்கவிடாமல் வைக்க நம் அரசியலமைப்பே ஒப்புக்கொள்கிறது. மேலேயும் ஒரு கோடு போட்டால் என்ன? சொல்லாத எடுகோள்: இரண்டு கோடும் ஒரே மாதிரித் தடை. மறுத்துப் பாருங்கள். 22 வயதுக்காரர் மூன்று ஆண்டு காத்திருந்தால் கதவு திறக்கும். 76 வயதுக்காரருக்குக் காத்திருந்து பயனில்லை. இந்த வேறுபாடு முக்கியம் என்று நான் நினைக்கிறேன். முக்கியமில்லை என்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநில வாக்காளர்கள் 2024-ல் நாடாளுமன்ற வேட்பாளர்களுக்கு மேல்வரம்பு வைக்க ஓட்டுப் போட்டு ஒப்புதல் தந்தார்கள்.

ஒரு துப்பு: விலக்கு யாருக்கு?

ஒரு விதியின் பின்னால் இருக்கும் எடுகோளைக் கண்டுபிடிக்க, விலக்கு பெற்றவர் யார் என்று பாருங்கள். மார்க்சிஸ்ட் கட்சி தன் தலைமை அமைப்புகளுக்கு 75 வயது வரம்பு வைத்தது. 2025 மதுரை மாநாட்டில் பிரகாஷ் காரத், பிருந்தா காரத், தமிழ்நாட்டின் ஜி. ராமகிருஷ்ணன் உள்ளிட்டோர் அந்த விதிப்படி அரசியல் தலைமைக் குழுவிலிருந்து விடைபெற்றார்கள். கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயனுக்கு விலக்கு கிடைத்தது. வயதானால் வேலை செய்ய முடியாது என்பதுதான் விதியின் காரணம் என்றால், இருப்பதிலேயே கடினமான வேலையில் இருப்பவருக்கு விலக்கு தர முடியாது. ஆக, விதியின் நோக்கம் புதியவர்களுக்கு இடம் விடுவதுதான். இதைப் பார்க்காமல் “கம்யூனிஸ்டுகளே 75-க்கு மேல் முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள்” என்று வாதாடுபவர் தவறான சாட்சியைக் கூப்பிடுகிறார்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

1. ஒரு பெயரை வாதமாக எடுத்துக்கொள்வது. மொரார்ஜி தேசாய் 81 வயதில் பிரதமரானார். அச்சுதானந்தன் 92 வயதில் 2016 கேரளத் தேர்தலில் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். அதே ஆண்டு கருணாநிதி 91 வயதில் திருவாரூரில் ஜெயித்தார். ஆண்டு முடியும்போது உடல்நலம் குன்றிப் பொதுநிகழ்ச்சிகளிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. ஒரே மனிதரின் ஒரே ஆண்டு இரண்டு தரப்புக்கும் பயன்படுகிறது. பெயர் வந்ததும், “இவரைப் போலத்தான் மற்றவர்களும் என்று எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேளுங்கள்.

2. எடுகோளைத் தேவைக்கு மேல் பெரிதாக எழுதுவது. படி 4-ல் சொன்னதுதான். எனக்குத் தெரிந்து எல்லாரும் வழுக்குவது இங்கேதான்.

3. எல்லா வாதத்திலும் எடுகோளைத் தோண்டிக்கொண்டே இருப்பது. “நாளை வாக்குச்சாவடியில் சக்கர நாற்காலி வேண்டும்” என்று ஒருவர் சொன்னால் அங்கே தத்துவம் பேசாதீர்கள். நாற்காலிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பாதுகாப்பு

*வீட்டில்:* அப்பாவோ மாமாவோ கட்சிக்காரராக இருந்தால், “நீங்க தப்பா நினைக்கிறீங்க” என்று தொடங்காதீர்கள். “மாமா, எழுபதுக்கு மேல எல்லாருக்கும் ஞாபகம் போயிடும்னு நீங்க எடுத்துக்கிட்ட மாதிரி எனக்குப் படுது, சரிதானா?” என்று கேளுங்கள். அவர் இல்லை என்றால் அதோடு விடுங்கள். எடுகோள் அவருடையதா இல்லையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். முதியவர்கள் இருக்கும் இடத்தில் முதுமையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

*கிராம சபையில்:* மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூட்டம் நடக்கும். தலைவரின் வயதைக் குத்திப் பேசினால் விஷயம் சாதிச் சண்டையாகவோ குடும்பச் சண்டையாகவோ திரும்ப ரொம்ப நேரம் ஆகாது. பேச்சை ஒரு தீர்மானத்தோடு கட்டுங்கள்: “முதியோர் பென்ஷன் மனுக்கள் எத்தனை நிலுவையில் உள்ளன என்று அடுத்த கூட்டத்தில் படிக்க வேண்டும்.”

*எழுத்தில்:* தலைவர் ஒருவருக்கு மறதி, நோய் என்று உறுதியில்லாத செய்தியை எழுதவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம். நம் நாட்டில் அவதூறு குற்றவியல் வழக்காகவும் வரும். வயது பொதுத் தகவல். மருத்துவக் கோப்பு அப்படி அல்ல.

பயிற்சி

தாளை எடுத்து ஆறு படிகளையும் போடுங்கள்.

அ. “உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கத் தமிழ்நாடு 2025-ல் சட்டத்தைத் திருத்தியது. அதே போல முதியோரையும் நியமிக்க வேண்டும்.” *(துப்பு: மாற்றுத்திறனாளிகள் தேர்தலில் ஜெயித்து வருவது அரிது. முதியோருக்கும் அப்படியா? எந்த முதியோருக்கு?)*

ஆ. “முதியோர் நீண்ட நாள் இருக்கப்போவதில்லை. ஆகவே பருவநிலை மாற்றம் பற்றி அவர்கள் முடிவெடுக்கக் கூடாது.” *(துப்பு: தன் ஆயுளுக்குப் பிறகு வருவதைப் பற்றி யாருக்கும் அக்கறை இராது என்பது எந்த வரியில் நுழைந்தது? 65 வயதில் புளியங்கன்று வைக்கும் உங்கள் ஊர்க்காரரை அந்த வரியின் எதிரே நிறுத்துங்கள்.)*

இ. “60 தாண்டியவர்கள் சபையில் நிறைய இருக்கிறார்கள். ஆகவே முதியோருக்குத் தனி அமைச்சகம் தேவையில்லை.” இதற்குத் துப்பு இல்லை. குறைந்தது இரண்டு எடுகோள் இருக்கின்றன. ஒன்று இந்த அத்தியாயத்திலேயே வந்தது. இரண்டாவதைக் கண்டுபிடித்தபின், அதற்கு நேர் எதிரான “தனி அமைச்சகம் வேண்டும்” என்ற வாதத்தையும் எழுதி, அதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.